களையும் கீரையும்: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மணத்தக்காளி

இலங்கை மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் சட்டங்களிலிருந்தும் ஒப்பந்தங்களிலிருந்துமே தொடங்குவர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் என அவ்வரலாறு ஆண்டுகளின் நிரலாக நம்முன் வந்து நிற்கும். அவ்வாறு எழுதப்படுவதிலே தவறில்லை. அம்மக்களின் வாழ்வைப் பெரிதும் வளைத்தவை அச்சட்டங்களே. ஆயினும் அவற்றுக்கு உட்பட்டு வாழ்ந்த மனிதர் நாள்தோறும் எதனை உண்டனர், அவ்வுணவில் எவ்வளவு அளந்து கொடுக்கப்பட்டது, எவ்வளவு அவர்தம் கையாலேயே வாய்க்காற்கரையிலும் பாதையோரத்திலும் பறிக்கப்பட்டது என்னும் வினா அருகியே எழுப்பப்பட்டு வந்துள்ளது. அவ்வினாவுக்கு ஒரு சிறு செடியை முன்னிறுத்தி விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்செடி மணத்தக்காளி. நுவரெலியா, ஹட்டன் ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலே லயங்களின் பின்புறத்தும் மாட்டுப்பட்டிகளின் அருகும் தானாக முளைத்து, மிளகளவிற் கருங்கனி தரும் அதனைத் தோட்ட நிருவாகம் களை என்றது. தோட்டத்து மக்கள் கீரை என்றனர். இவ்விரு பெயர்களுக்கும் இடையிலேயே நாம் காண வேண்டிய வரலாறு கிடக்கின்றது.

முதலிற் செடியின் இயல்பினைக் கூறிவிடுதல் நலம். மணத்தக்காளி ஓராண்டுச் செடி. சில இடங்களில் அதனினும் சற்று நீடித்து வாழும். ஓரடி முதல் மூன்றடி வரை உயரும். தண்டு மென்மையானது, இலை முட்டைவடிவானது, விளிம்பு சில செடிகளில் நேராகவும் சிலவற்றில் அலைவுற்றும் இருக்கும். இலைக்கக்கத்திலன்றிக் கணுவிடையிலே தோன்றும் சிறு காம்பில் மூன்று முதல் எட்டு வரையிலான வெண்பூக்கள் குடைபோலக் கவிழ்ந்து பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழ்மடல்களும் நடுவே கூம்பாக நெருங்கிய மஞ்சள் மகரந்தப் பைகளும் உண்டு. கத்தரிப் பூவையும் உருளைக்கிழங்குப் பூவையும் பார்த்தவர் இதன் குடும்பத்தை எளிதில் இனங்காண்பர். காய் பச்சை நிறத்தது. கனிந்தால் கருமையோ கருநீலமோ பெறும். தொட்டால் நசுங்கி ஊதாச் சாறு விரலிற் படியும். தாவரவியலார் வகுக்கும் சரியான பொருளிலே இது ஒரு சதைக்கனி. தோல் மெல்லியது, உள்ளே சாறும் பல நுண்விதைகளும் நிறைந்தது. கொண்டைக்குருவி முதலிய பறவைகள் கனியை உண்டு விதையைப் பரப்புகின்றன. கிளறப்பட்ட மண்ணும், எருவின் செழுமையும், ஓரளவு வெளிச்சமும் உள்ள இடமே இச்செடிக்கு உகந்த இடம். மனிதன் மண்ணைக் கொத்தும் இடமெல்லாம் அவனைத் தொடர்ந்து செல்லும் செடிகளுள் இதுவும் ஒன்று. அடர்காட்டினுள் இதனைத் தேடுவது வீண்; மாட்டெருக் குவியலின் அருகே தேடுவதே முறை.

லின்னேயஸ் 1753இல் இதற்குச் சோலானம் நைக்ரம் எனப் பெயரிட்டார். ஆனால் அப்பெயரின்கீழ் உலகெங்கும் அடக்கப்பட்டு வந்தவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. நிறவுடல்களின் எண்ணிக்கையே இதற்குத் திறவுகோலாக அமைந்தது. 24 நிறவுடல்களைக் கொண்டது ஒன்று, 48 கொண்டது மற்றொன்று, 72 கொண்டது பிறிதொன்று. 72 உடையதே உண்மையான நைக்ரம். 24 உடையது பிலிப் மில்லர் 1768இற் பெயரிட்ட அமெரிக்கானம். இதன் கனி சிறியது, பளபளப்பானது, கனிந்த பின்னர் எளிதில் உதிர்வது. 48 உடையதன் கனி செம்மஞ்சளாக இருக்கும். வெப்பமண்டல நாடுகளிலே நைக்ரம் என நூல்களிற் குறிக்கப்பட்டவற்றுட் பல உண்மையில் அமெரிக்கானமே என்பர் வகைப்பாட்டியலார். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி டிரைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலிற் பழைய பெயரே ஆளப்பட்டது. இந்நுணுக்கத்தைக் கீரை பறிக்கும் பெண் அறியவேண்டிய தேவை இல்லை. ஆயின் இச்செடியின் நன்மை தீமைகளை ஆய்ந்து எழுதும் மாணவர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். ஒரு நாட்டில் நைக்ரம் பற்றிக் கண்ட முடிபு மற்றொரு நாட்டின் செடிக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளுதற்கில்லை.

பெயர் பற்றியும் ஈண்டு ஒரு செய்தி கூறத்தக்கது. இன்று தக்காளி எனக் கூறின் கடையில் விற்கும் செங்கனியே எவர் மனத்திலும் தோன்றும். அக்கனியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் பின்னர் ஐரோப்பியர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அது வருமுன்னரே தக்காளி என்னும் சொல் தமிழில் இருந்தது. மணத்தக்காளிக்கும், காகிதம் போன்ற உறைக்குள் மறைந்திருக்கும் சொடக்குத் தக்காளிக்கும் அது உரியதாயிருந்தது. புதிதாக வந்த கனி இவற்றின் சாயலைக் கொண்டிருந்தமையால் சீமைத்தக்காளி எனப்பட்டது. காலப்போக்கிற் சீமை என்னும் அடை உதிர, வந்தேறிய கனியே பெயரை முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது. சிங்கள மொழியும் அச்செங்கனிக்குத் தக்காளி என்றே பெயர் வழங்குகின்றது. உரிமையுடையது அடைமொழி பெற்று ஒதுங்க, வந்தது உரிமைப் பெயர் பெற்ற இச்சொல் வரலாறு மொழியியல் மாணவருக்குச் சுவையான ஓர் எடுத்துக்காட்டாகும். நுவரெலியாவின் குளிர்ந்த சரிவுகளிலே காட்டுச் செடியாகிவிட்ட மற்றோர் உறைத்தக்காளியும் உண்டு. அதன் கனி பொன்னிறமானது, புளிப்பும் இனிப்பும் கலந்தது. பெருநாட்டின் அந்திசு மலைகளுக்கு உரிய அச்செடி 1774இல் இங்கிலாந்தில் வளர்க்கப்பட்டது. 1807இன் முன்னரே நன்னம்பிக்கை முனையிற் குடியேறியோரின் தோட்டங்களில் இருந்தது. ஏகாதிபத்தியத்தின் கப்பல்கள் மனிதரை மட்டுமா இடம் பெயர்த்தன? ஆயின் மணத்தக்காளி அவ்வாறு கப்பலேறி மலையகம் வந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது பரவலாக உள்ள செடி. சிங்கள மக்கள் அதனைக் களுகன்வெரிய என்பர். திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புறப்பட்டு, மன்னாரில் இறங்கி, மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளர் கொண்டுவந்தது அச்செடி பற்றிய அறிவையே. அறியாத மலையில் அறிந்த செடி ஒன்றினை அவர்கள் கண்டனர்.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் கோப்பித் தோட்டம். கோப்பிக் காலத்துத் துரைமாரிடையே ஒரு தோட்டத்தின் சீர்மையை அளக்கும் கோலாகக் களையற்ற வெறுநிலம் விளங்கிற்று. செடிகளுக்கிடையே ஒரு புல்லும் தெரியாமல் மண் துடைத்து வைத்ததுபோல் இருத்தல் வேண்டும். அதுவே நல்ல நிருவாகத்தின் அடையாளம். இவ்வேலை கங்காணிமாரிடம் கொந்தரப்பாக விடப்பட்டது. ஏக்கருக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு எனக் கணக்கு. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும், களை பற்றிய இந்நோக்கு மட்டும் மாறாமல் தேயிலைக்குக் கைமாறியது.

ஆனால் தேயிலை வேறொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. கோப்பிக்கு ஆண்டிற் சில மாதங்களே பெருந்தொகையான ஆள் தேவை. அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் லயங்களிலே தங்கினர். பெண்களின் உழைப்பே தோட்டத்தின் அச்சாணியாயிற்று. மலைக்குப் போகும் பெண்தான் அடுப்பையும் மூட்டுபவள். கொழுந்து நிறுத்துத் திரும்பும் வழியில் வடிகாலோரத்தில் முளைத்திருந்த கீரையை ஒரு பிடி கிள்ளி மடியிற் கட்டிக்கொள்ளும் வழக்கம் இந்நிலைமையிலேயே பொருள் பெறுகின்றது. அவளுக்கு நிலம் சொந்தமில்லை. லயத்தின் பின்புறத்தே சிறு பாத்தி ஒன்றைக் கொத்திக்கொள்ள அனுமதி கிடைத்தால் உண்டு, கிடைக்காவிடின் இல்லை. கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே வழங்கப்பட்டு, அதன் விலை கணக்கிற் கழிக்கப்பட்டது. எனவே சோறு கணக்கேட்டுக்குள் அடங்கிய உணவு. கீரை அதற்குப் புறம்பான உணவு. தோட்டத்துச் செலவேட்டிலே களையெடுப்பு என்னும் தலைப்பின்கீழ் ஆட்பேர் எண்ணிக்கை பதிவாகும். பிடுங்கப்பட்டவற்றுள் எவ்வளவு சட்டிக்குச் சென்றது என்பதற்கு அவ்வேட்டிற் பத்தி கிடையாது.

துடைத்த நிலம் என்னும் கொள்கைக்கு மலையே எதிர்ச்சாட்சி சொல்லிற்று. செங்குத்தான சரிவுகளிலே பருவமழை கொட்டும்போது மறைப்பற்ற மேல்மண் ஓடைகளில் இறங்கிற்று. மகாவலியின் நீர் செந்நிறம் கொள்ளும் காரணத்தை அறிய எவரும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மண்ணரிப்புப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறிற்று. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையிலே செயற்பட்டு வரும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரும், வேரோடி மண்ணைப் பற்றிக்கொள்ளும் வன்புற்களை அகற்றி, மென்களைகளை ஓரளவு விட்டுவைக்கும் தெரிந்தெடுத்த களையெடுப்பினை எடுத்துரைத்தனர். மணத்தக்காளி இழுத்தால் உடனே வேரோடு கைக்கு வரும் மென்செடி. அதனாற் பயிருக்கு நேரும் கேடு பெரிதன்று. உருளைக்கிழங்குப் பயிர்செய்வோர் அதனை வெறுப்பதற்கு மட்டும் நியாயம் உண்டு. ஒரே குடும்பத்துச் செடியாதலின் உருளைக்கிழங்கைத் தாக்கும் நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் அது புகலிடமாகிறது.

இனி இச்செடியின் நன்மை பற்றி நோக்குவோம். சித்த மருத்துவ மரபிலே மணத்தக்காளி குளிர்ச்சி தருவதாகவும், வாய்ப்புண், குடற்புண், ஈரல் நோய்கள் ஆகியவற்றுக்கு உகந்ததாகவும் கொள்ளப்படும். கீரையைப் பருப்புடன் கடைந்தோ தேங்காய்ப்பால் விட்டோ உண்பர். கனிந்த பழத்தைச் சிறுவர் அப்படியே தின்பர். காயை உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்தி வற்றலாக்குவர். ஆண்டிற் பல மாதங்கள் மழையும் பனிமூட்டமும் சூழ்ந்த மலைநாட்டில் வற்றல் போடுதல் எளிதன்று. மலையகத்திலே இச்செடி பெரிதும் பச்சைக் கீரையாகவே நின்றமைக்கு வானிலையும் ஒரு காரணமாகலாம்.

மரபு கூறிய இவற்றுள் வாய்ப்புண் பற்றிய செய்தி தனித்து ஆராயத்தக்கது. 1930களிலே தென்னாசியாவில் ஊட்டச்சத்து ஆய்வு வேகம் பெற்றது. இலங்கையிற் பணியாற்றிய லூசியஸ் நிக்கொல்ஸ் 1933இல், தோல் தவளையின் தோல்போலச் சொரசொரப்பாகும் நோயை விற்றமின் குறைபாட்டோடு தொடர்புபடுத்தி விவரித்தார். நீலகிரியின் குன்னூரிலே, அதுவும் ஒரு தேயிலை நாடே, ஏய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1936இற் கடைவாய்ப்புண்ணும் நாப்புண்ணும் விற்றமின் பி2 குறைவால் வருவதை எடுத்துக்காட்டினர். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்வோரின் உணவில் இவ்விற்றமின் குறைவது இயல்பு. குன்னூர் ஆய்வுகூடத்தின் மரபில் வளர்ந்து பின்னர் ஐதராபாத்திலிருந்து வெளிவந்த உணவு அட்டவணைகளின்படி, 100 கிராம் மணத்தக்காளிக் கீரையிற் புரதம் 5.9 கிராம், கல்சியம் 410 மில்லிகிராம், இரும்பு 20.5 மில்லிகிராம், விற்றமின் சி 11 மில்லிகிராம் உள்ளன. விற்றமின் பி2 ஏறத்தாழ 0.6 மில்லிகிராம், இது கீரைகளுட் குறிப்பிடத்தக்க அளவாகும். சோறும் சாயத்தண்ணீருமாக வாழ்ந்த வீட்டில் வாய்ப்புண்ணுக்கு இக்கீரையைக் கொடுத்த பாட்டி, நோயின் மூலத்தை அறியாமலே அதற்கு உரிய பொருளைக் கொடுத்தாள் எனலாம். கைப்பைப் போக்கும் பொருட்டு வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; அந்நீரோடு பி, சி விற்றமின்களிற் பெரும்பகுதி போய்விடும் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

இரும்பின் கணக்கு இவ்வளவு எளிதன்று. மேற்கூறிய 20.5 என்னும் எண்ணைப் பலர் மேற்கோள் காட்டி மகிழ்வர். ஐதராபாத் நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணை, கீரைகளின் இரும்பளவைப் பொதுவாகப் பழைய எண்களினும் மிகக் குறைத்தே காட்டுகின்றது. இலையில் ஒட்டிய மண்ணும் பழைய அளவீடுகளைப் பெருக்கியிருத்தல் கூடும். தாவர உணவின் இரும்பிற் சிறு பங்கே உடலிற் சேரும் என்பதும் அறிந்ததே. இவற்றினும் மேலாக ஒன்று உண்டு. 1975இற் தென்னாபிரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் அருந்தினால் அவ்வுணவின் இரும்பு உடலிற் சேர்வது தடைப்படும் எனக் காட்டிற்று. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்துவிடுதலே காரணம். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணீரும் உண்டு மலையேறும் பெண்ணின் குருதியோடு இவ்வாய்வை இணைத்துப் பார்க்க வேண்டும். அவள் பறிக்கும் கொழுந்தே, அவள் கீரையிற் பெற்ற சிறிதளவு இரும்பையும் அவளிடமிருந்து பறிக்கிறது.

அக்குருதி அளந்து பார்க்கப்படாமல் இல்லை. எட்ஜர்டன், கார்ட்னர் முதலிய அமெரிக்க ஆய்வாளரும் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவர் செனவிரத்னவும் பிறரும் இணைந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1979இற் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இரும்புச் சத்து வழங்கப்பட்டு ஈமோகுளோபின் உயர்ந்தபோது, ஒரு மாதத்தின் பின்னர் அவர்கள் பறித்த கொழுந்தின் அளவும் கூடியது. குருதிச்சோகை மிகக் கடுமையாக இருந்தோரிடத்தே முன்னேற்றமும் மிகுதியாயிருந்தது. இம்முடிபு உலகெங்கும் மேற்கோளாகக் காட்டப்படுகிறது. நூறாண்டுக்கு மேலாக அம்மலைகளில் மந்தம் என்றும் சோம்பல் என்றும் கூலிகளின் இயல்பு என்றும் எழுதப்பட்டவற்றுள் எவ்வளவு உண்மையில் இரும்புக் குறைவாயிருந்தது என்பதை வரலாற்று மாணவர் இதன் ஒளியில் மீள வாசிக்கலாம். தொழிலாளிக்கு இரும்பு கொடுத்தாற் கொழுந்து கூடும் என்பதை நிறுவும் வகையில் ஆய்வு அமைந்ததும் நோக்கற்பாலது. அவளது உடல்நலம் அதன் பொருட்டே போற்றத்தக்கதாயிருக்க, விளைச்சலின் மொழியிற் பேசியே அதற்குச் செவி பெறவேண்டியிருந்தது.

இக்கட்டத்திலே 1973, 1974 ஆகிய ஆண்டுகளைக் கடந்து செல்ல இயலாது. உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறிய வேளையிற் பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவின் விலை உயர்ந்தது. கிராமத்தவருக்குச் சிறிதேனும் வயலோ மரவள்ளிக் கொல்லையோ இருந்தது. தோட்டத்தவருக்கு அதுவும் இல்லை. தோட்டங்களிலே இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. 1974இற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இது நாட்டின் பொது வீதத்தின் இரு மடங்கையும் கடந்தது. 1975-76இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து மதிப்பீட்டிலே நாட்பட்ட ஊட்டக்குறைவு மிகுதியாகக் காணப்பட்டது தோட்டத்துக் குழந்தைகளிடத்தே. அக்காலத்தை வாழ்ந்து கடந்த முதியோரின் பேச்சிற் காட்டுக் கிழங்கும் களைக்கீரையும் தவறாது இடம்பெறும்.

கீரையினால் அம்மக்கள் காப்பாற்றப்பட்டனர் என்று எழுதும் ஆசை எவருக்கும் எழும். அவ்வாறு எழுதுவது பிழை. 100 கிராம் மணத்தக்காளிக் கீரை 68 கலோரி தரும். அதே அளவு அரிசி 345 கலோரி தரும். ஓர் ஆளின் அரிசியைக் குறைத்துவிட்டு அவ்விடத்தைக் கீரையால் நிரப்புவதாயின் கூடை கூடையாகத் தின்ன வேண்டும். கீரை சோற்றுக்குத் துணையாகலாம், சோறு ஆகாது. மரபறிவைப் போற்றும் உற்சாகத்திலே, பட்டினிக்குக் காரணமான கூலியையும் காணியின்மையையும் மறக்கச் செய்யும் எழுத்து அம்மரபுக்கும் நன்றி செய்வதன்று.

மருந்தாகக் கூறப்படுவனவற்றையும் இதே நிதானத்தோடு அணுகுதல் வேண்டும். இச்செடியின் சாறு எலிகளின் ஈரலை நஞ்சுப் பொருள்களின் தாக்கத்திலிருந்து காக்கின்றது என ஆய்வுகள் பல கூறியுள்ளன. இரைப்பைப் புண் பற்றியும் அத்தகைய ஆய்வுகள் உண்டு. திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப நிலையத்தார் இதன் இலையிலிருந்து பிரித்தெடுத்த உத்ரோசைட் பி என்னும் பொருள் ஈரற் புற்றுக்கலங்களை ஆய்வுகூடத்தில் அழிக்கவல்லது என 2016இல் அறிவித்தனர்; 2021இல் அமெரிக்க மருந்து நிருவாகம் அதற்கு அரிய நோய்களுக்கான மருந்து என்னும் தகுதியை வழங்கிற்று. அத்தகுதி ஆய்வை ஊக்குவிக்கத் தரப்படுவது. நோய் தீர்ந்தது என்பதற்கான சான்றிதழ் அன்று. பிரித்தெடுத்த பொருள் வேறு, சட்டியில் வெந்த கீரை வேறு. மஞ்சட்காமாலை கண்ட பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாமல் கீரைச்சாறு கொடுத்துக் காத்திருத்தல் ஆபத்தாகும்.

நஞ்சு பற்றிய அச்சமும் இச்செடியை விடாமல் தொடர்ந்து வந்துள்ளது. ஐரோப்பியர் இக்குடும்பத்துச் செடிகளை நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கினர். பெலடோனா, ஊமத்தை ஆகிய கொடிய நஞ்சுச் செடிகள் இக்குடும்பத்தனவே. தக்காளியைக்கூட வட ஐரோப்பியர் பலர் உண்ணத் தயங்கிய காலம் இருந்தது. ஆங்கிலத்திலே மணத்தக்காளிக்கும் பெலடோனாவுக்கும் ஒத்த பெயர் வழங்குவதால், ஆங்கில நூல் வழியே தாவரம் பயின்றோர் நம் கீரையையும் நஞ்செனக் கொண்டதுண்டு. இதில் அடிப்படை முற்றிலும் இல்லாமல் இல்லை. சோலனின் முதலிய கைப்புப் பொருள்கள் பச்சைக்காயில் மிகுந்தும் கனியிற் குறைந்தும் இருக்கும். பச்சைக்காயைத் தின்ற குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் நேரலாம். கறுத்துக் கனிந்ததை மட்டும் தின்னவேண்டும், காயைத் தொடக்கூடாது எனத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கண்டிப்பு இங்கே அறிவியலோடு முற்றாக ஒத்துச் செல்கின்றது. 1997இற் பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனம் வெளியிட்ட எட்மண்ட்ஸ், செவேயா ஆகியோரின் நூல், ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இக்குழுவின் செடிகள் அன்றாடக் கீரையாக உண்ணப்படுவதை விரிவாகத் தொகுத்து, அவை நஞ்சென்னும் பொதுக்கூற்றைத் திருத்திற்று. கென்யாவில் இக்கீரை சந்தைக்கென்றே பயிரிடப்படுகின்றது. நம்மிடம் களையாக நிற்பது அங்கே பயிர்.

கையாற் களையெடுத்த காலத்திலே களைக்கும் கீரைக்கும் இடையே ஒரு தேர்வு சாத்தியமாயிருந்தது. பிடுங்கும் கை எதனை எறிவது, எதனை மடியிற் போடுவது என முடிவு செய்தது. களைகொல்லி மருந்துகளின் வருகையோடு அத்தேர்வு இல்லாமற் போயிற்று. பரகுவாட் நெடுங்காலம் தோட்டங்களிற் பயன்பட்டது. அதனைக் குடித்து மாண்டோர் தொகை மிகுந்தமையால் 2008 முதல் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டு 2011 அளவில் நாட்டிலிருந்தே விலக்கப்பட்டது. அதன் இடத்தைக் கிளைபோசேற் பெரிதும் நிரப்பிற்று. 2015இற் கிளைபோசேற்றும் தடைசெய்யப்பட்டது. களையெடுக்க ஆளில்லை, செலவு தாங்கவில்லை எனத் தோட்டக் கம்பனிகள் முறையிட, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விவாதம் நாட்டின் ஏடுகளிலே ஏற்றுமதி, செலவு, சிறுநீரக நோய் ஆகியவை பற்றியதாக நடந்தது, அவை புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆனால் மருந்து தெளித்த மலையிலிருந்து தமது கறிச்சட்டியின் ஒரு பகுதியைப் பெற்று வந்தவர்களும் உண்டு என்பது அவ்விவாதத்தினுள் நுழையவே இல்லை. தெளித்த பின்னும் செடி சில நாள் பசுமையாகவே நிற்கும். பார்வைக்கு நல்ல கீரை, உண்ணத் தகாதது. முன்னர் கீரை கிடைக்கும் இடத்தை அறிந்திருந்தாற் போதும். இப்போது தெளித்த நாளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

2015இன் பின்னர் தோட்டங்களிற் சில குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் அமைத்துக் கொடுக்கப்பட்டுள்ளன. லயங்களில் வாழ்வோர் இன்னும் பலராயினும், வீடு பெற்றோரின் முற்றத்திலும் கொல்லையிலும் கறிவேப்பிலையோடும் பூசணியோடும் மணத்தக்காளியும் விட்டு வைக்கப்படுகிறது. அங்கு அதனை நட்டவர் எவரும் இலர், பறவை இட்டதே. ஏனையோருக்கு மலைதான் கொல்லை. இதன் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கிற் கிடந்து வெளிச்சத்துக்குக் காத்திருக்க வல்லது. தேயிலை அடர்ந்து மூடியிருக்கும் வரை முளைக்காது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி மலை திறந்ததும், வெயில் பட்ட மண்ணில் முதலிற் தலைகாட்டும் செடிகளுள் அதுவும் ஒன்று. கவ்வாத்து மலைக்குக் கீரை பறிக்கப் புறப்படும் பெண்கள் இன்று எதிர்ப்படுவோரிடம் முதலிற் கேட்பது, அங்கே மருந்து அடித்தாயிற்றா என்பதையே.